ஒரே கட்டம்... வெவ்வேறு சிகிச்சை, ஏன்?

வானொலியில் மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசும் நாள்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். “எனக்கும் இரண்டாம் கட்டம், அந்த அக்காவுக்கும் இரண்டாம் கட்டம். அவருக்கு மாத்திரை, எனக்கு மட்டும் ஏன் கீமோ?” நமக்குச் சரியாகப் பார்க்கவில்லையோ என்ற பயம் அந்தக் குரலில் இருக்கும்.

கட்டி எவ்வளவு பெரியது, எதுவரை பரவியிருக்கிறது என்பதைக் கட்டம் சொல்கிறது. எதன் தூண்டுதலில் அது வளர்கிறது என்பதைச் சொல்பவை புற்றணுக்களில் உள்ள புரதங்கள். பயாப்சி அறிக்கையில் அவை சில வரிகளில் இருக்கும்.

ஈஆர், பிஆர்: ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள். மார்பகப் புற்றுநோய்களில் பத்தில் ஏழுக்கும் மேல் இந்த வகைதான். டமோக்சிஃபென் போன்ற மாத்திரைகள் இதற்கு நன்றாக வேலை செய்யும். பொதுவாக ஐந்து ஆண்டுகளாவது சாப்பிட வேண்டும். “உடம்புதான் நன்றாக இருக்கிறதே” என்று நடுவில் நிறுத்தினால், நோய் திரும்பும் வாய்ப்பு கூடும்.

ஹெர்-2: நூறு பேரில் 15 முதல் 20 பேருக்கு இந்தப் புரதம் அளவுக்கு மீறி இருக்கும். இது வேகமாகப் பரவும் வகை என்பதை 1987இல் அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் எடுத்துக்காட்டினர். கெட்ட செய்தியாக இருந்த அதே புரதத்தையே குறிவைத்து உருவானது டிராஸ்டுசுமாப் மருந்து. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது.

அறிக்கையில் 3+ என்றால் ஹெர்-2 பாசிட்டிவ். 2+ என்றால் முடிவு உறுதியில்லை. ஃபிஷ் என்ற மரபணுச் சோதனை தேவைப்படும். அதன் முடிவு வந்துவிட்டதா என்று கேளுங்கள்.

கேஐ-67: பிரியும் அணுக்களில் காணப்படும் புரதம். சதவீதம் கூடினால் கட்டி வேகமாக வளர்கிறது என்று பொருள். ஜெர்மனியின் கீல் நகரில் கண்டறியப்பட்டதால் ‘கேஐ’. சோதனைத் தட்டில் 67ஆவது குழியில் இருந்ததால் ‘67’.

ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றுமே இல்லாவிட்டால் ‘டிரிப்பிள் நெகட்டிவ்’. அதற்கு ஹார்மோன் மாத்திரை பயன்படாது. கீமோதான் முக்கிய ஆயுதம். சிலருக்கு நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தும் சேரும். ஆக, அக்காவின் மருந்து உங்களுக்குப் பொருந்தாமல் போவதற்கு அலட்சியம்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று. சில உடற்பரிசோதனைத் திட்டங்களில் சிஏ 15-3 என்ற இரத்தச் சோதனையும் இருக்கும். தொடக்கநிலைப் புற்றுநோயில் அது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதை நம்பி மெமோகிராமைத் தள்ளிப்போடாதீர்கள்.

அம்மாவையோ மனைவியையோ மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: ஈஆர், பிஆர் எவ்வளவு? ஹெர்-2 எத்தனை? கேஐ-67 எத்தனை சதவீதம்? பயாப்சி அறிக்கையின் நகல் ஒன்றையும் கேட்டு வாங்கி வைத்திருங்கள். நோய் திரும்பினால் இந்தப் புரதங்கள் மாறியிருக்கலாம். அப்போது மீண்டும் பயாப்சி தேவையா என்றும் கேளுங்கள்.