குமிழி ஊதிட்டு ஏன் காத்திருக்காங்க?

"அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினாரு. ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும்." இந்த வசனம் உங்க வீட்லயும் ஓடியிருக்கும். என் அக்கா பையன் விஷயத்துல இதைக் கேட்டுக் கேட்டே ஒரு வருஷம் போயிடுச்சு. அந்த ஒரு வருஷம்தான் இதை எழுதக் காரணம்.

ஆட்டிசம் இருக்கான்னு சொல்ல ரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேன்லயும் தெரியாது. மீட்டர் ரீடிங்கை நம்பியே வாழ்ற நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். குழந்தையைக் கவனிக்கணும், பெற்றோர்கிட்ட கேட்கணும். அதுதான் வழி.

முதல்ல ஒரு வடிகட்டல். எம்-சாட்-ஆர் என்ற கேள்வித்தாளில் 20 கேள்விகள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. பெற்றோர் ஆமாம், இல்லைன்னு பதில் சொன்னா போதும். பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறானா? எதையாவது உங்களுக்குக் காட்டுறதுக்காகவே விரல் நீட்டுறானா? பிஸ்கட் வேணும்னு கை நீட்டுறது வேற, வானத்துல போற விமானத்தை 'பாரேன்'னு காட்டுறது வேற. மதிப்பெண் 3 முதல் 7 வரை வந்தா இன்னும் விரிவா விசாரிப்பாங்க. 8 அல்லது அதுக்கு மேல வந்தா நேரா முழு மதிப்பீடு. ஸ்மோக் டிடெக்டர் மாதிரிதான் இது. அலாரம் அடிச்சா தீப்பிடிச்சிருச்சுன்னு அர்த்தமில்ல, போய்ப் பார்க்கணும்னு அர்த்தம்.

கூப்பிட்டா திரும்பாததுக்குக் காது கேட்காததும் காரணமா இருக்கலாம். அதனால கேட்கும் திறனையும் சோதிப்பாங்க.

அப்புறம்தான் விளையாட்டு மாதிரி தெரியுற அந்தப் பகுதி. உளவியலாளர் சோப்புக் குமிழி ஊதினாங்க. பையன் குதிச்சான். டக்குனு பாட்டிலை மூடிட்டு சும்மா இருந்தாங்க. அவன் அவங்க கையைப் பிடிச்சு பாட்டில் மேல வச்சான். "எவ்ளோ அழகா கேட்கிறான் பாருங்க!" அக்காவுக்கு ஒரே சந்தோஷம். ஆனா அவன் அவங்க முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கல. அவங்க குறிச்சுக்கிட்டது அதைத்தான். காத்திருந்ததும் அதுக்குத்தான்.

நம்ம நாட்டுல ஐசா என்ற அளவுகோல் இருக்கு. 6 பிரிவுகளில் 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. 153ஐத் தாண்டினால் தீவிரம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும் இதைத்தான் பயன்படுத்துறாங்க.

எங்கே போறது? ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்துல மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கு. சென்னைப் பக்கம்னா முட்டுக்காட்டுல நிப்மெட் என்ற மத்திய அரசு நிறுவனம்.

போகும்போது போன்ல வீடியோ எடுத்துட்டுப் போங்க. சாப்பிடும்போது, மத்த பிள்ளைங்களோட இருக்கும்போது, பேர் சொல்லிக் கூப்பிடும்போதுன்னு சின்னச் சின்னதா. புது இடத்துல குழந்தை அழுதுட்டே இருந்தா அரை மணி நேரத்துல யாராலயும் முழுசாப் பார்க்க முடியாது. எங்க அக்கா வாயால சொல்லத் தயங்கினதை எல்லாம் என் போன்ல இருந்த பிறந்தநாள் வீடியோதான் காட்டுச்சு: எல்லாரும் கேக்கைச் சுத்தி நிக்கிறாங்க, இவன் மட்டும் மூலையில உட்கார்ந்து கார் சக்கரத்தைச் சுத்திக்கிட்டு இருக்கான்.