வெள்ளை நாயின் செவிட்டுக்குக் காப்புறுதி உண்டா?



தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பல்லாண்டு வாழ்ந்து மூதூர், குச்சவெளிப் பக்கங்களுக்குத் திரும்பிய நம்மவர் பலருக்கு இராசபாளைய நாயைத் தெரியும். பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, நெடிய கால்கள். 2005இல் இந்திய அஞ்சல் துறை அதன் படத்துடன் முத்திரையும் வெளியிட்டது. பன்றிக் காவலுக்கு அப்படியொரு குட்டி வேண்டுமென்று ஆசைப்படுவது இயல்பே.

ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு ஒரு குறையும் சேர்ந்து வரலாம். தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்கள் உட்செவியிலும் இருக்கவேண்டும். அங்கே அவை இல்லாவிடில், பிறந்து சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் நுண்ணிய கலங்கள் அழிந்துவிடும். குட்டி ஒரு செவியிலோ இரு செவிகளிலுமோ நிரந்தரமாகச் செவிடாகிவிடும். இதற்கு மருந்து கிடையாது. இரு செவியும் கேளாத நாய், இருளில் வேலியை முட்டும் பன்றியை அறியாது. உறங்கும்போது தொட்ட பிள்ளையைத் திடுக்கிட்டுக் கடித்தும் விடலாம்.

மாட்டுக்குக் காப்புறுதி இருப்பதுபோல் நாய்க்கும் இல்லையா என்று கேட்பீர்கள். இந்தியாவில் நாய்க் காப்புறுதி உண்டு. நோயாலோ விபத்தாலோ நாய் இறந்தால் நட்டஈடு கிடைக்கும். ஆனால் பிறவிக் குறைக்குப் பொதுவாகப் பணம் தருவதில்லை. தடுப்பூசியால் தவிர்க்கக்கூடிய நோய்களுக்கும், ஊசி போட்ட அத்தாட்சி இல்லாவிடில் கொடுப்பது அரிது. ஆகவே காசு கொடுக்குமுன் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறு வாரம் கழிந்த குட்டியைத் தனியே பிரித்தெடுங்கள். கூட்டத்தில் விட்டால் செவிட்டுக் குட்டி மற்றவற்றைப் பார்த்து அவற்றைப் போலவே ஓடிவந்து நம்மை ஏமாற்றும். அது உறங்கும்போது, நிழலோ காற்றோ நில அதிர்வோ படாதபடி, பின்னால் நின்று கை தட்டுங்கள். காது அசையவேண்டும். ஒரு செவி மட்டும் கேளாததை இப்படிக் கண்டறிவது கடினம். அதற்குக் கருவி வேண்டும். செவிட்டு நாயை இனம்பெருக்கவும் கூடாது.

கள்ளத்தனமாகப் படகில் வரும் குட்டியை வாங்காதீர்கள். அனுமதியின்றி நாயை இறக்குமதி செய்வது குற்றம். விசர் நோயும் கூடவே வரலாம்.

ஊர் நாயோ உயர்சாதி நாயோ, விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நாளைக் கேட்டறிந்து ஆண்டுதோறும் போடுங்கள். ஊசி அட்டையை அடையாள அட்டைகளோடு ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். நாய் யாரையேனும் கடித்தால் வைத்தியர் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று.