வளையல் துண்டில் மலரும் பூந்தோட்டம்

பெண்மக்கள் வாழும் இல்லம் எதுவாயினும் அங்கே ஒரு மூலையில் சிறு தகரப் பெட்டியொன்று இருக்கும். அதனுள்ளே ஒற்றைத் தோடு, கொக்கி அறுந்த சங்கிலி, நூல் இற்றுச் சிதறிய பாசிமணி, கல் விழுந்த மோதிரம், நிறம் மங்கிய பித்தளைக் காப்பு, சட்டையினின்று உதிர்ந்த பொத்தான் ஆகியன ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். அவற்றை அணியவும் இயலாது. எறியவும் மனம் வராது. உடைந்த கண்ணாடி வளையல்களோ இப்பெட்டியிலும் இடம்பெறாமல் குப்பைக் குழியைச் சென்று அடைகின்றன. இவ்வாறு கழிக்கப்படும் பொருள்களைக் கொண்டு வீட்டு முற்றத்தையும் பூந்தோட்டத்தையும் அணிசெய்யலாம் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இஃது ஓய்வுநேர விளையாட்டுத்தானே என்று சிலர் எண்ணக்கூடும். உடைந்த வளையலையும் உடைந்த பீங்கானையும் கொண்டே உலகம் வியக்கும் பூங்காவொன்றை ஒரு சாதாரண அரசாங்க ஊழியர் சமைத்துக் காட்டியிருக்கிறார். அவர் வரலாற்றை அறிந்தோர் இக்கைப்பணியை எளிதாகக் கருதமாட்டார்கள்.

ஊரை இழந்தவர் சமைத்த உலகம்

நேக் சந்த் என்பது அவர் பெயர். 1924 ஆம் ஆண்டு பஞ்சாப் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றிலே உழவர் குடும்பத்திற் பிறந்தவர். 1947 இல் இந்தியாவும் பாகிஸ்தானும் இரு நாடுகளாகப் பிரிந்தபோது அவருடைய ஊர் எல்லைக்கு அப்பாற் போயிற்று. வீடு, வயல், விளையாடிய தெரு யாவற்றையும் விட்டு அகதியாக இந்தியா வந்து சேர்ந்தார். அந்நாளிற் புதிதாக எழுந்துகொண்டிருந்த சண்டிகர் நகரிலே, பொதுமராமத்துப் பகுதியில், பாதைகளை மேற்பார்வை செய்யும் வேலை அவருக்குக் கிடைத்தது.

பிரெஞ்சு நாட்டிற் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கோர்புசியே வரைந்த திட்டப்படி, நேர்கோடுகளும் சதுரங்களுமாக அந்நகரம் அமைக்கப்பட்டது. அதற்கு இடம்விட்டுப் பல சிற்றூர்கள் அகற்றப்பட்டன. இடிந்த வீடுகளிலே எஞ்சிய பீங்கான் துண்டுகள், ஓடுகள், வளையல்கள், உடைந்த குடங்கள் முதலியன குவியல் குவியலாகக் கிடந்தன. ஒரு முறை ஊரை இழந்தவருக்கு இன்னோர் ஊரின் எச்சங்களைக் குப்பையென்று தள்ள மனம் ஒப்புமா? 1950களின் பிற்பகுதியில் அவர் அவற்றைச் சேர்க்கத் தொடங்கினார். பகலெல்லாம் உத்தியோகம், மாலையானதும் துவிச்சக்கர வண்டியில் ஆற்றுக் கற்களையும் உடைசல்களையும் ஏற்றிக்கொண்டு, சுக்னா ஏரிக்கு அண்மையிலிருந்த காட்டுப் பள்ளத்தை நோக்கிச் செல்வார். அங்கேதான் எவரும் அறியாமல் தமது சிறு உலகத்தை அமைத்து வந்தார்.

அந்நிலம் அவருக்குச் சொந்தமானதன்று. கட்டடம் எதுவும் எழக்கூடாதென்று அரசாங்கம் ஒதுக்கி வைத்திருந்த காடு அது. 1970களின் நடுவில் அதிகாரிகள் அதனைக் கண்டபோது, ஏறத்தாழ 12 ஏக்கர் பரப்பிலே முற்றங்களும் வளைவுகளும் நூற்றுக்கணக்கான உருவங்களும் நிறைந்திருந்தன. சட்டப்படி பார்த்தால் இடித்துத் தள்ளவேண்டியதே. ஆயினும் கண்டவர் பலரும் காக்க வேண்டுமென்றே கூறினர். 1976 இல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளமும் உதவியாளர்களும் வழங்கப்பட்டன. 1983 இல் இந்திய அஞ்சல்தலையில் அப்பூங்கா இடம்பெற்றது. மறுவருடம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

ஆபத்து அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 1990 இல் பூங்காவின் ஒரு பகுதியை இடித்துப் பாதை போடும் முயற்சி நடந்தபோது நகர மக்களே குறுக்கே நின்று தடுத்தனர். 1996 இல் அவர் வெளிநாடு சென்றிருந்த வேளையிற் சிலைகள் பல சேதப்படுத்தப்பட்டன. மனந்தளராது மீண்டும் செப்பனிட்டார். 2015 ஆம் ஆண்டு ஜூன் 12 ஆம் நாள், தமது 90 ஆவது வயதில் அவர் காலமானார். ஏறக்குறைய 40 ஏக்கராக விரிந்த அப்பாறைப் பூங்கா இன்றும் மக்களை ஈர்த்த வண்ணம் இருக்கிறது.

அங்கே வரிசை வரிசையாக நிற்கும் மகளிர் உருவங்களைக் காண்போர், அவர்கள் உடுத்திருக்கும் வண்ணச் சேலையின் ஒளியிலே மயங்குவர். அருகிற் சென்று நோக்கினாலன்றோ அச்சேலை முழுதும் உடைந்த கண்ணாடி வளையல் என்பது விளங்கும்! உள்ளே சீமெந்தும் மணலும் கலந்த உடல். மேலே மென்மையான சீமெந்துப் பூச்சு. அது காய்வதற்குள் ஒவ்வொன்றாக அழுத்திப் பதித்த துண்டுகள். அவருடைய முறை இவ்வளவு எளியதே.

பிற நாடுகளிலும் உண்டு

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாட்ஸ் என்னும் பகுதி இருக்கிறது. இத்தாலியிலிருந்து குடியேறிய சைமன் ரோடியா என்னும் கூலித் தொழிலாளி 1921 முதல் 1954 வரை, 33 ஆண்டுகள் தனியொருவராக நின்று, இரும்புக் கம்பியாலும் சீமெந்தாலும் அங்கே கோபுரங்கள் எழுப்பினார். அவற்றுள் உயர்ந்தது ஏறத்தாழ 30 மீற்றர். உடைந்த போத்தல், ஓடு, சிப்பி, கோப்பைத் துண்டு ஆகியவையே அவற்றின் அலங்காரம். அயலிலிருந்த சிறுவர்கள் உடைசல்களைப் பொறுக்கி வந்து அவருக்குக் கொடுப்பார்களாம். 1959 இல், கோபுரங்கள் உறுதியற்றவை, இடிக்கவேண்டும் என்று நகர அதிகாரிகள் கூறினர். 10,000 இறாத்தல் விசையால் இழுத்துச் சோதித்தும் அவை அசையவில்லை. அதனால் இன்றும் நிற்கின்றன.

பாங்கொக் நகரின் ஆற்றங்கரையில் ஒளிரும் அருண் ஆலயத்துக் கோபுரமும் பீங்கான் துண்டுகளாலேயே அணிசெய்யப்பட்டது. அவற்றுட் பல சீனக் கப்பல்களிற் பாரத்துக்காக ஏற்றி வரப்பட்டவை என்பர்.

அமங்கலம் என்பது சரியா?

நம்மவர் இல்லங்களில் ஒரு தடை எழக்கூடும். உடைந்த வளையலை வீட்டில் வைத்திருத்தல் ஆகாதென்று முதியோர் சொல்வர். ஆடிப் பூரத்தில் அம்மனுக்குச் சாத்துவதும் வளையல்; கருவுற்ற பெண்ணுக்குக் காப்பிடும் விழாவில் இருகையும் நிறைய இடுவதும் வளையல். மங்கலத்தின் அடையாளமாகிய அது உடைந்தவுடன் அமங்கலமாகிவிடுவது எதனால்? கணவனை இழந்தவளின் வளையல்களைக் களைந்த பழைய வழக்கத்தின் நிழலே இவ்வெண்ணத்தில் விழுந்திருக்கிறது எனலாம். அவ்வழக்கத்தைக் காலம் தளர்த்தி வருகின்றது. முதியோர் மனம் நோகாதபடி, உடைந்ததை வீட்டினுள் வையாது முற்றத்திலே துளசி மாடத்துக்கும் பூச்சாடிக்கும் அணியாக்கினால், வழக்கத்தோடும் முரண்படாது; பொருளுக்கும் மதிப்பு உண்டாகும்.

மேலும், தோட்ட அலங்காரத்துக்குக் கண்ணாடி வளையலைப்போற் பொருத்தமான பொருள் வேறில்லை. அதன் நிறம் மேலே பூசப்பட்ட சாயமன்று. உலையிலே கண்ணாடி உருகும்போது உலோகக் கூட்டுப் பொருள்கள் சேர்வதால் உண்டாவது. கோபால்ட் சேர்ந்தால் நீலம். இரும்பு சேர்ந்தால் பச்சை. ஆதலால் வெயிலிலும் மழையிலும் அந்நிறம் வெளிறுவதில்லை. மேலே இட்ட பொன்னிறக் கோடுகள் மாத்திரமே நாளடைவில் அழியும். அதே காரணத்தால் மண்ணிற் புதைந்த வளையல் துண்டு எத்தனை ஆண்டாயினும் உக்குவதில்லை. வெறுங்காலுடன் நடப்போரின் பாதத்தைக் காத்திருந்து கிழிக்கும். குப்பையில் எறிவதிலும் பார்க்கச் சீமெந்திற் பதிப்பது குழந்தைகளுக்கும் நல்லது.

லயத்து முற்றத்துக்கு ஏற்ற முறை

ஸ்பிரிங்வெளி முதலாகப் பதுளைப் பகுதித் தோட்டங்களில், லயத்து வாசலின் முன்னே நான்கடி நிலம் கிடைத்தாலும் அதிலே சாமந்தியும் டேலியாவும் வைத்து வளர்ப்பவர் நம் மக்கள். பல தலைமுறை வாழ்ந்தும், வீட்டுக்கும் நிலத்துக்கும் உரிமைப் பத்திரம் இன்னும் பலருக்குக் கிட்டவில்லை. ஆகவே நிலத்தோடு சேர்த்துக் கட்டுவதினும், வேண்டும்போது தூக்கிச் செல்லத்தக்க பூச்சாடிகளையும் நடைக்கற்களையும் அணிசெய்வதே அறிவுடைமை. குடிபெயர நேரின் உழைப்பும் உடன்வரும். பூச்சாடி செய்யும் முறை வருமாறு.

முதலிற் பெட்டியிலுள்ளவற்றைத் தரம் பிரித்தல் வேண்டும். பொன், வெள்ளித் துணுக்குகள் கலந்திருக்கின்றனவா என்று நகைத் தொழிலாளியிடம் காட்டி, இருப்பின் விற்றுவிடுக. எஞ்சியவற்றைச் சவர்க்கார நீரிற் கழுவிக் காயவைக்கவும். கண்ணாடி, பீங்கான், கல் ஆகியவை வெளியே நிற்கும். இரும்பு துருவேறிச் சாடியிற் கறை வடிக்கும். பித்தளையிற் பச்சைக் களிம்பு படரும். பிளாஸ்டிக் மணி வெயிலில் வெளிறும். இம்மூன்றையும் கூரைத் தாழ்வாரத்தின் நிழலுக்கு ஒதுக்குக.

மண்சாடியைச் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். இன்றேல் உலர்ந்த மண் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிட, பூச்சு உதிர்ந்துபோகும். ஈரச் சாடியின்மேற் கரித்துண்டினாற் கோலம் வரைந்துகொள்க. வாசலிற் புள்ளிக்கோலம் இடப் பழகிய பெண்ணுக்கு இதனை வேறாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. சீமெந்து ஒரு பங்கும் அரித்த மணல் மூன்று பங்குமாகக் கலந்து, நீர் சிறிதே விட்டுக் கெட்டியாகக் குழைக்கவும். அரைமணி நேரத்தில் முடிக்கத்தக்க அளவே குழைத்தல் நன்று. கோலத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் கால் அங்குலக் கனத்திற்குப் பூசி, வளையல் துண்டுகளைப் படுக்கையாக வைத்துப் பாதியளவு அமிழும்படி அழுத்துக. முறிந்த முனைகள் வெளியே நீட்டாதவாறு சாந்தினால் மூடவேண்டும். பின்னர் அடுத்த பகுதிக்குச் செல்லலாம். சற்று இறுகியபின் ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் நிறங்கள் பளிச்சிடும்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். சீமெந்து காய்வதனால் இறுகுவதில்லை. நீரோடு சேர்ந்து மாற்றமடைவதனாலேயே இறுகுகின்றது. ஆகையால் ஈரச்சாக்கினால் மூடி, 7 நாள்வரை நீர் தெளித்து நிழலில் வைத்தல் அவசியம். ஊவாவிலே மழை குறைந்து காற்று மிகும் ஜூன் முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் சாக்கு விரைவில் உலர்ந்துவிடும். அப்போது இன்னும் கவனம் தேவை.

உலோகத்தையும் பிளாஸ்டிக் மணிகளையும் என்ன செய்வது? சிரட்டையைக் கவிழ்த்துத் துளையிட்டு, நைலோன் நூலிற் பாசிமணி, பொத்தான், பழைய சாவி, ஒற்றைத் தோடு முதலியவற்றைக் கோத்துத் தாழ்வாரத்திலே தொங்கவிடுக. பருத்தி நூல் இற்றுப்போகும். காற்று வீசும்போதெல்லாம் இனிய ஒலி கேட்கும்.

மறவாதன

கண்ணாடியை உடைக்க நேரின், சாக்கினுள் வைத்துக் கண்ணுக்குக் காப்பணிந்து உடைக்க வேண்டும். இது பெரியோர் செய்யவேண்டிய வேலை. ஈரச் சீமெந்து தோலை அரிக்குமாதலாற் கையுறை இன்றித் தொடலாகாது. மலிவான நகைகளில் ஈயம் கலந்திருப்பதுண்டு. அவற்றைக் கைக்குழந்தைகள் வாயில் வையாதபடி பார்த்துக்கொள்க. கீரை, மிளகாய் நடும் சாடிக்குள்ளும் இடவேண்டாம்.

யாவற்றிலும் முக்கியமானது தேங்கும் நீர். 2017 ஆம் ஆண்டு இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினரென்று பதிவாயிற்று. அந்நோயைப் பரப்பும் நுளம்பு, சிரட்டை, கோப்பை, போத்தல் மூடி ஆகியவற்றிலுள்ள சிறிதளவு தெளிந்த நீரிலும் முட்டையிடும். முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரமோ பத்து நாளோ போதும். அழகுக்கென வைத்த கோப்பை வீட்டுக்கு நோயைக் கொணர்ந்தால் அஃது அழகாகுமா? குழிந்த பொருள் எதனையும் கவிழ்த்தே வைக்க வேண்டும். அல்லது அடியிலே துளையிடவேண்டும். சாடியின் நீர்த்துளை சாந்தினால் அடைபடாதிருத்தலும் வேண்டும். வாரம் ஒருமுறை தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கும் வேலையை மாணவர் ஏற்றுக்கொள்ளலாம்.

பாடசாலைத் தோட்டங்களிலும் இம்முயற்சியைத் தொடங்கலாம். வகுப்புக்கு ஒரு சாடி என்று கொண்டால், பிள்ளைகள் தத்தம் வீட்டிலிருந்து கொணரும் உடைசல்களே போதுமானவை. பாட்டியின் கைவளையும் பேத்தியின் பாசிமணியும் ஒரே சாடியிற் பதிந்திருக்கும்போது, அது கடையில் விலைக்கு வாங்கும் எந்தப் பொருளுக்கும் தாழ்ந்ததாகாது. சண்டிகரிலும் வாட்ஸிலும் இடிக்க வந்தவர்களைத் தடுத்து நிறுத்தியது சட்டமோ செல்வமோ அன்று. அங்கே உழைத்த கைகள்மேல் ஊரார் கொண்ட மதிப்பேயாகும். நிலம் எவர் பெயரில் இருப்பினும், அதனை அணிசெய்த கை எவருடையது என்பதை மக்கள் மறப்பதில்லை.