வாஷிங்டன் நகரத்தாரும் வாக்குரிமையும்

தலைநகரில் வசிப்போர் அரசாட்சிக்கு அருகில் இருப்பவராதலின், மற்றைக் குடிகளினும் உரிமை மிகுந்தவராயிருப்பர் என்று எண்ணுவது இயல்பு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டனிலோ காரியம் நேர்மாறாக நிற்கின்றது. காங்கிரஸ் என்னும் அந்நாட்டுச் சட்டசபை கூடும் மாளிகையை நாள்தோறும் கண்ணாரக் காணும் நகரத்தார், அதனுள் சட்டங்களின்மீது வாக்களிக்கத்தக்க ஓர் அங்கத்தினரையேனும் அனுப்ப இயலாதவராயிருக்கின்றனர். இந்நிலை 1801-ஆம் வருஷம் முதல் நீடித்து வருகின்றது. இது நேர்ந்த விதத்தைச் சிறிது விளக்குவோம்.

1783-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், சம்பளப் பாக்கி பெறாத போர்வீரர் சில நூற்றுவர், பிலடெல்பியா நகரில் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டனர். பென்ஸில்வேனியா மாகாணத்து அதிகாரிகள் தங்கள் சேனையை உதவிக்கு அனுப்ப இசைந்திலர். அங்கத்தினர் நகரைவிட்டுப் பிரின்ஸ்டனுக்குச் செல்லவேண்டியதாயிற்று. மத்திய அரசாங்கம் யாதொரு மாகாணத்தின் தயவையும் எதிர்பாராது தன் சொந்த நிலத்தில் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது. 1787-இல் இயற்றிய அரசியற் சட்டம், பத்து மைல் சதுரத்திற்கு மேற்படாத ஒரு ஜில்லாவைக் காங்கிரஸின் தனி ஆளுகைக்கு உட்படுத்த இடமளித்தது. மேரிலாந்தும் வர்ஜீனியாவும் பொட்டோமாக் நதிக்கரையில் நிலம் அளித்தன. அங்கிருந்த குடிகள் 1800 வரையில் தத்தம் மாகாணத்து வாக்காளராகவே இருந்தனர். அடுத்த ஆண்டு பிறந்த சட்டத்தால் அவ்வுரிமை போயிற்று. நதிக்கு அக்கரையிலிருந்த பகுதியை மட்டும் 1846-இல் வர்ஜீனியாவுக்கே திருப்பிக் கொடுத்தனர். ஆகவே, அலெக்ஸாந்திரியா ஊரார் இழந்ததைப் பெற்றனர், எதிர்க்கரையார் பெற்றிலர்!

பட்டாளத்துக்கு அஞ்சி வகுத்த ஏற்பாடு குடிகளின் வாயை அடைப்பதாக முடியும் என்று அக்காலத்தார் கருதினரென்று நமக்குத் தோன்றவில்லை. அரசியற் சட்டத்தை ஆதரித்து 1788-இல் எழுதிய மாடிஸன், இந்த ஜில்லாவாருக்கு அவர்களே தெரிந்தெடுக்கும் ஸ்தல சட்டசபை உண்டென்றே எழுதினார். நடந்ததோ வேறு. 1874 முதல் 1967 வரை மேலிருந்து நியமிக்கப்பட்ட கமிஷனர் மூவரே நகரை ஆண்டனர். கறுப்பு மக்கள் மிகுந்த நகரத்துக்குச் சுயாட்சி அளிக்கத் தென்மாகாணத்து அங்கத்தினர் பலர் மனங்கொள்ளவில்லை. ஜில்லாக் காரியங்களுக்குரிய கமிட்டியில் பல்லாண்டு தலைமை வகித்த தென் கரோலினாவின் மக்மில்லன் 1972-இல் தேர்தலில் தோற்ற பின்னரே, 1973-ஆம் வருஷத்துச் சுயாட்சிச் சட்டம் நிறைவேறிற்று. அதுவும் அரைகுறையானதே. நகர சபை இயற்றும் சட்டத்தைக் காங்கிரஸ் தள்ளிவிடலாம். 2023-இல் நகரத்தார் திருத்தியமைத்த குற்றச் சட்டத்தை அவ்வாறே தள்ளியது.

1961-இல் செய்த இருபத்துமூன்றாம் திருத்தம், ஜனாதிபதித் தேர்தலில் மூன்று தேர்வாளரை இவர்களுக்கு அளித்தது. 1970-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி பிரதிநிதி சபையில் ஒருவர் அமர்கின்றார். அவர் பேசலாம், கமிட்டிகளில் வாக்களிக்கலாம். மசோதா நிறைவேறும் இறுதி வாக்கெடுப்பில் அவருக்கு இடமில்லை. செனட் சபையிலோ அதுவுமில்லை. ஆயினும் மத்திய வருமானவரியை மற்றையோர் போலவே செலுத்துகின்றனர். பிரதிநிதியில்லாமல் வரி என்னும் பழைய முறையீட்டை 2000 முதல் நகரத்து மோட்டார் வண்டிகளின் எண் பலகைகளில் பொறித்திருப்பது பொருத்தமானதே. 2020-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் இந்நகரின் தொகை 6,89,545. வையோமிங் மாகாணத்தின் தொகை 5,76,851. குறைந்த தொகையுடைய மாகாணம் செனட்டர் இருவரையும் பிரதிநிதி ஒருவரையும் அனுப்புகின்றது. நம் தில்லியும் முழு மாகாணமன்று. எனினும் லோக சபைக்கு எழுவரையும் ராஜ்ய சபைக்கு மூவரையும் அனுப்புவதை நோக்கின், தலைநகரம் என்பதற்காக வாக்கைப் பறிக்கவேண்டுவதில்லை என்பது விளங்கும்.

பரிகாரம் தேடாமல் இருந்தாரல்லர். 1978-இல் காங்கிரஸ் ஒப்பிய திருத்தத்துக்கு 38 மாகாணங்களின் சம்மதம் வேண்டியிருக்க, 1985-க்குள் 16 மாத்திரமே இசைந்தன. தனி மாகாணமாக்கும் மசோதா 1993-இல் தோல்வியுற்றது. 2016-இல் வாக்களித்த நகரத்தாருள் நூற்றுக்கு ஏறக்குறைய 86 பேர் மாகாண அந்தஸ்தை விரும்பினர். பிரதிநிதி சபை 2020-இலும், 216-க்கு 208 என்னும் வாக்குகளால் 2021-இலும் மசோதாவை நிறைவேற்றியது; செனட் சபை அதனை வாக்குக்கே எடுத்துக்கொள்ளவில்லை. சட்டசபை மாளிகை, ஜனாதிபதி மாளிகை, உயர்தர நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்த சிறு நிலத்தை மத்திய ஜில்லாவாக வைத்து, எஞ்சியதை மாகாணமாக்குவதே அம்மசோதாவின் கருத்து. அடிமைத்தளையினின்று தப்பிப் பின்னாளில் இந்நகரில் வாழ்ந்த பிரெடரிக் டக்ளஸின் பெயரும் புதிய மாகாணத்துக்குரிய பெயரில் இடம்பெற்றது.

1783-ஆம் வருஷத்து அச்சத்துக்கு அச்சிறு நிலமே போதிய காப்பென்று நாம் கருதுகின்றோம். எதிர்ப்போர் கூறும் ஓர் ஆட்சேபம் மட்டும் கவனிக்கத்தக்கது: இருபத்துமூன்றாம் திருத்தம் நீங்காவிடின், ஜனாதிபதியின் குடும்பமன்றி வேறு குடிகள் அரிதாகிய அந்நிலத்துக்கு மூன்று தேர்வாளர் மிஞ்சுவர். திருத்தத்தை நீக்க மீண்டும் 38 மாகாணங்கள் இசையவேண்டும். நிற்க, மெய்யான தடை வேறிடத்தில் உள்ளது. 1964 முதல் 2024 வரை நடந்த ஜனாதிபதித் தேர்தல் ஒவ்வொன்றிலும் இந்நகரம் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்தது. புதிய செனட்டர் இருவரும் அக்கட்சியாராகவே இருப்பர் என்பதைக் குடியரசுக் கட்சியார் நன்கறிவர்.