சாண எரிவாயு முதல் சோலார் பம்பு வரை

"சோலார் மானியம் இந்த ஆட்சியில வந்ததா, முன்னாடியே இருந்ததா?" உழவர் கூட்டங்களில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கட்சி விவாதத்துக்காகக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் எந்தத் திட்டம் யாரை மனசில் வைத்துப் போடப்பட்டது என்று தெரிந்தால்தான், அதில் நம்ம பங்கு எவ்வளவு என்று கேட்க முடியும். அதனால் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

1973லும் 1979லும் கச்சா எண்ணெய் விலை எகிறியது. அந்த அதிர்ச்சியில்தான் மாற்று எரிசக்தி பற்றி டெல்லி யோசித்தது. இந்திரா காந்தி பிரதமராக இருந்தபோது, 1981ல் இதற்கென ஓர் ஆணையமும், 1982ல் தனித் துறையும் வந்தன. தேசிய சாண எரிவாயுத் திட்டமும் அந்தக் காலத்தில் தொடங்கியதுதான். அதன் மையத்தில் இருந்தது நம்ம மாட்டுத் தொழுவம். சாணத்தை வறட்டி தட்டி எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். கலனில் விட்டால் அடுப்புக்கு வாயு கிடைக்கும், மிஞ்சும் கரைசல் வயலுக்கு உரமாகும். ஆனால் மாடு குறைந்தது, பழுது பார்க்க ஆள் இல்லை. பல கலன்கள் சும்மா கிடந்தன.

1992ல், நரசிம்ம ராவ் காலத்தில், அந்தத் துறை தனி அமைச்சகம் ஆனது. தாராளமயக் காலம் அது. காற்றாலை போடும் கம்பெனிகளுக்குப் பெரிய வருமான வரிச் சலுகை தந்தார்கள். முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டியதற்குக் கணவாய்க் காற்றோடு இந்தச் சலுகையும் காரணம். ஆனால் சலுகை முதலீட்டுக்கு. எத்தனை யூனிட் ஓடியது என்பதற்கு இல்லை. ஓடும் யூனிட்டுக்கு 50 காசு ஊக்கத்தொகை 2009ல்தான் வந்தது.

வாஜ்பாய் காலத்தில் வந்த 2003 மின்சாரச் சட்டம் முக்கியமானது. மின் வாரியங்கள் குறிப்பிட்ட சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்கியே ஆகணும் என்று நிர்ணயிக்கும் அதிகாரத்தை அது மாநில ஒழுங்குமுறை ஆணையங்களுக்குத் தந்தது. வாங்க ஆள் உறுதியானது. மன்மோகன் சிங் 2010ல் தேசிய சூரிய மின் இயக்கத்தைத் தொடங்கினார். 2022க்குள் 20,000 மெகாவாட் என்பது இலக்கு. 2015ல் மோடி அரசு அதை 1,00,000 மெகாவாட்டாக உயர்த்தியது. அதைத் தொட்டது 2025 தொடக்கத்தில்.

ஆக, கட்சி மாறினாலும் பாதை மாறவில்லை. ஆனால் அளவு மாறிவிட்டது. தொழுவத்தில் தொடங்கிய கொள்கை, ஆயிரக்கணக்கான ஏக்கர் சோலார் பூங்காவுக்குப் போய்விட்டது. மேய்ச்சல் நிலமும் மானாவாரி நிலமும் 'தரிசு' என்ற பெயரில் அதில் சேர்ந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

2019ல் வந்த பி.எம். குசும் திட்டம் மறுபடியும் உழவர் பக்கம் திரும்பியது. அதில் மூன்று பிரிவு. ஒன்று, நம்ம தரிசில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சோலார் நிலையம் அமைத்து மின்சாரம் விற்பது. இரண்டு, மின் இணைப்பு இல்லாத இடத்தில் சோலார் பம்பு. பொதுவாக மத்திய அரசு 30%, மாநில அரசு 30% மானியம். மூன்று, இணைப்பு உள்ள பம்புசெட்டுக்கு சோலார் போட்டு, மிச்சத்தை வாரியத்துக்குத் தருவது.

இரண்டாவதில் ஓர் ஆபத்து இருக்கு. வெயில் அடிக்கும் வரை செலவில்லாமல் மோட்டார் ஓடும். கிணறு வற்றும் வரை இறைக்கத் தடை எதுவும் இல்லை. மூன்றாவது மாதிரி அப்படியில்லை. குஜராத்தின் துண்டி கிராமத்தில் உழவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, பாசனம் போக மிஞ்சிய சோலார் மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு விற்றார்கள். விற்றால் காசு வரும் என்றால் தண்ணீரை வீணாக இறைக்க யாருக்கு மனசு வரும்?

எனவே விண்ணப்பம் போடும் முன் மூணு விஷயம் பாருங்க. மிச்ச மின்சாரத்தை வாங்குவார்களா, யூனிட்டுக்கு என்ன விலை? பழுதானால் எத்தனை வருஷம் யார் பொறுப்பு? உங்க கிணற்றின் கோடைகால ஊற்றுக்கு எத்தனை குதிரைத்திறன் போதும்? மூடாக்கும் சொட்டுநீரும் இருக்கும் தோட்டத்துக்குச் சின்ன பம்பே போதும். மாடு இருக்கும் வீட்டில் சாண எரிவாயுவையும் விட்டுடாதீங்க. அதுக்கு இன்னமும் மானியம் இருக்கு.