ரத்த அறிக்கை சாட்சியம் ஆகாது

கருச்சிதைவுக்குக் காரணம் தேடும் பெண்களுக்கு ‘டார்ச்’ என்னும் ரத்தப் பரிசோதனையைப் பரிந்துரைப்பது நம் ஊர்களில் வழக்கம். தில்லைநகர் ஆய்வகம் ஒன்றில் வாங்கிய அறிக்கை காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்து வீட்டை அடைவதற்குள், அதிலுள்ள ‘ஹெர்பிஸ் - பாசிட்டிவ்’ என்ற ஒற்றை வரி கணவன் மனைவிக்கிடையே சந்தேகத்தை விதைத்துவிடக்கூடும். உண்மையில் அந்த வரி சொல்வது என்ன?

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரு வகைகள் உண்டு. முதல் வகை, பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே எச்சில், முத்தம் வழியாகப் பரவுவது. சிலருக்கு உதட்டில் கொப்புளமாக வெளிப்படும். உலகில் 50 வயதுக்கு உள்பட்டோரில் ஏறத்தாழ 380 கோடிப் பேரிடம் இது இருப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. இரண்டாம் வகை உடலுறவால் பரவுவது. 15 முதல் 49 வயது வரையிலான சுமார் 52 கோடிப் பேரிடம் உள்ளது. வாய்வழி உறவால் முதல் வகையும் பிறப்புறுப்பில் தொற்றலாம். காவி மண்ணால் எழுதப்படும் ‘அக்கி’ வேறு. அது சின்னம்மை வைரஸால் வருவது.

உடலில் புகுந்த ஹெர்பிஸ் வைரஸ் நரம்பு செல்களில் ஒடுங்கி ஆயுள் முழுவதும் தங்கும். பலருக்கு அறிகுறியே இராது. புண் இல்லாத நாளிலும் பரவும். ஆகவே, இன்று தெரியவந்த தொற்று திருமணத்துக்குப் பல்லாண்டுகள் முன்பே வந்ததாக இருக்கலாம்.

ரத்தப் பரிசோதனை காண்பது வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடல் உருவாக்கிய ஆன்டிபாடிகளை. தொற்று எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை அது கூறாது. இரு வகைகளையும் பிரித்தறியாத பரிசோதனையில், சிறுவயது உதட்டுக் கொப்புளமும் ‘பாசிட்டிவ்’ ஆகிவிடும். ‘ஐஜிஎம்’ முடிவைப் புதிய தொற்றின் அடையாளமாகக் கொள்வதும் பிழை. தவறான ‘பாசிட்டிவ்’ முடிவுகளும் உண்டு. மறுபுறம், தொற்றிய முதல் சில வாரங்களில் ‘நெகட்டிவ்’ என்று வருவதாலேயே நோயில்லை என்று ஆகிவிடாது. கொப்புளம் தோன்றிய ஓரிரு நாள்களுக்குள் அதிலிருந்து மாதிரி எடுத்து பிசிஆர் முறையில் சோதிப்பதே நம்பகமானது.

முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. கட்டுப்படுத்தும் மருந்துகள் உண்டு. புண் உள்ள நாள்களில் உறவைத் தவிர்ப்பதும், ஆணுறையும் பரவலைக் குறைக்கும். வாலசைக்ளோவிர் மாத்திரையை நாள்தோறும் உட்கொள்வது, துணைக்குப் பரவுவதை ஏறக்குறைய பாதியாகக் குறைப்பதாக 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றினால் சிசுவுக்கு ஆபத்து அதிகம் என்பதால், கணவருக்குப் புண் வந்ததுண்டெனில் அதை மருத்துவரிடம் மறைக்கலாகாது.

புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் பால்வினை நோய்களுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். அறிக்கையை உறவினர் கூட்டத்தின் நடுவே விரிப்பதற்கு முன், தம்பதியர் இருவரும் சேர்ந்து மருத்துவர் முன் விரிக்கட்டும்.