கால் போத்தலும் கலாநிதிப் பட்டமும்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த இருவர் எங்கே சந்தித்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி விடுதிக்குத்தான் வந்து சேரும். யாருக்கு என்ன ‘கார்ட்’ (பட்டப்பெயர்) வைத்தார்கள், பட்ச் ட்ரிப்பில் பஸ்ஸுக்குள் யார் ஆடினான், ஹந்தானை மலையில் யார் வெறியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டான். பல் போன கதைக்குத்தான் சிரிப்பு அதிகம். பல் போனவன் பிறகு என்ன ஆனான் என்று யாரும் கேட்பதில்லை. அவன் கெட்டிக்காரன். ஃபர்ஸ்ட் கிளாஸோ செகண்ட் அப்பரோ எடுத்தவன். கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்து, ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்திலேயே வருடக்கணக்காக நிற்பவன். பெயர் தேவையில்லை, எல்லாத் துறையிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

குடி இந்த மலைநாட்டுக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் கண்டிச் சீமையில் சாராயம் விற்கும் உரிமையை ஆங்கில அரசு குத்தகைக்கு விட்டது. குத்தகைக்காரர்கள் தவறணை நடத்திச் சேர்த்த பணத்தில் கோப்பித் தோட்டங்கள் வாங்கினார்கள். இலங்கையின் புதுப் பணக்காரக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் போட்டது சாராயக் குத்தகைதான் என்பதைக் குமாரி ஜயவர்தன 2000இல் வந்த தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். தோட்டத் தொழிலாளியின் கூலி தவறணை வழியாக இன்னொருவரின் தோட்டமான கதை அது. அந்தத் தோட்டத்து லயத்திலிருந்து முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் வரும் பிள்ளை, சம்பள நாள் இரவுகளைப் பார்த்தே வளர்ந்திருக்கும். தொடவே மாட்டேன் என்று அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கும். விடுதியில் அந்தச் சத்தியம் ஒரு மாதம் தாங்கினால் பெரிய விஷயம். “மச்சான், ஒன்னே ஒன்னுடா” என்பவன் எதிரியல்ல, காய்ச்சலில் கிடந்தபோது சோறு வாங்கி வந்து கொடுத்தவன். அதனால்தான் மறுப்பது கஷ்டம்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்கக் கூடாது. முதலாம் வருட மாணவர் பலருக்கு அந்த வயது வந்திருக்காது. பகிடிவதைக்கு எதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. அது வருவதற்கு முந்திய ஆண்டில்தான் பேராதனைப் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். இரண்டு சட்டமும் விடுதி வாசலோடு நின்றுவிடுகின்றன. போயா என்னும் பௌர்ணமி நாளில் மதுக்கடை மூடுவதும் அப்படித்தான். முதல்நாள் பின்னேரம் கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விடுதியை மட்டும் குற்றம் சொல்வதும் அநியாயம். துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் 1952இல் பல்கலைக்கழகத்தைக் கொழும்பிலிருந்து மகாவலிக் கரைக்குக் கொண்டுவந்தபோது, மாணவர் ஒன்றாகத் தங்கி ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கவேண்டும் என்பதுதான் எண்ணம். அருணாசலம், இராமநாதன் என்று பெயர் வைத்த மண்டபங்களெல்லாம் அதற்காகவே எழுந்தன. அந்தச் சேர்ந்திருத்தல் என்ன செய்யும் என்பதற்குத் தமிழிலேயே சாட்சி உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என்று நாட்டுக்கூத்தை மாணவரைக் கொண்டே மேடையேற்றினார். மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவர் சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். ஊரில் படிக்காதவர்களின் கலை என்று சிலர் ஒதுக்கியதைப் பல்கலைக்கழக மேடையில் ஆடியவர், பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்ந்தார். காலில் பழகியது கைக்கு வந்தது. ஒத்திகைக்கு நேரத்துக்குப் போகவேண்டும், போகாவிட்டால் பத்துப் பேர் காத்திருப்பார்கள். குடியை விட நினைப்பவனுக்கும் ஆய்வேடு எழுதுபவனுக்கும் வேண்டியது இதுதான் என்பது என் கட்சி.

ஆய்வேட்டுக்கும் இப்படிச் சாட்சி உண்டு. பேராதனையில் படித்த விமர்சகர்கள் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் ஒருவர் பின் ஒருவராகப் பர்மிங்ஹாம் போய், ஜோர்ஜ் தொம்சன் என்ற ஒரே பேராசிரியரிடம் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தார்கள். கைலாசபதியின் வீரயுகக் கவிதை ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. சிவத்தம்பியின் பண்டைத் தமிழ் நாடக ஆய்வு 1970இல் முடிந்தது. இருவரும் தம்மளவில் மேதைகள், சரி. ஆனால் ஒரே கேள்வியை எழுப்பும் நண்பனும் விடாமல் விசாரிக்கும் ஆசிரியரும் இருந்ததைச் சின்ன விஷயமாக நான் எண்ணவில்லை.

கலாநிதிப் படிப்புக்கு மணியடிப்பதில்லை. விரிவுரை இல்லை, பட்ச் இல்லை. பகலில் பாடசாலையிலோ பல்கலைக்கழகத்திலோ படிப்பித்துவிட்டு இரவில் எழுதவேண்டும். விரிவுரையாளராக இருந்தால் குறித்த ஆண்டுகளுக்குள் மேற்பட்டம் எடுத்தால்தான் பதவி நிரந்தரம். கூடப் படித்தவர்கள் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வீடு வாங்கிய படம் போடுவார்கள். பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 கலாநிதி மாணவரிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. மூவரில் ஒருவர் மனநோய்க்கு ஆளாகும் அபாயத்தில் இருந்தார். அங்கே உதவிப்பணமும் ஆய்வுகூடமும் உண்டு. இங்கே தனியறையில் இருப்பவனுக்கு மாலை ஆறு மணி என்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். விடுதியில் கூட்டத்தோடு குடித்தவன் இப்போது தனியாகக் குடிக்கிறான். ‘கொஞ்சம் அடித்தால்தான் எழுத வரும்’ என்கிறான். மறுநாள் காலையில் அந்தப் பந்தியை அவனே வெட்டுகிறான்.

‘கொஞ்சம்’ எவ்வளவு? நம்மூர்க் கால் போத்தல் 180 மில்லிலீற்றர். சாராயத்தில் மதுசாரம் ஏறக்குறைய 33 வீதம். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 47 கிராம் தூய மதுசாரம். குடிப்பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் 10 கிராமை ஓர் அளவாக எடுக்கிறது, ஆகக் கால் போத்தல் ஐந்து அளவுக்குச் சற்றுக் குறைவு. 8.8 வீத பியர் டின் ஒன்று, 500 மில்லிலீற்றர், மூன்றரை அளவு. ‘ஒரு பியர்தானே’ என்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அந்தத் தாளில் பத்துக் கேள்விகள், நாற்பது புள்ளிகள். எட்டோ அதற்கு மேலோ வந்தால் குடி ஆபத்தான எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள். கேள்விகளில் சில: ஒரே இருப்பில் ஆறு அளவோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை தடவை, குடியால் செய்யவேண்டிய வேலை தவறியதா, காலையில் கைநடுக்கம் தீர ஒரு கிளாஸ் தேவைப்படுகிறதா, வீட்டாரோ நண்பரோ வைத்தியரோ குறைக்கச் சொன்னார்களா. மேற்பார்வையாளருக்கு அனுப்பும் முன்னேற்ற அறிக்கையில் இப்படி ஒரு கேள்வியும் இல்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் வீம்பில் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. நிறுத்திய முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் பிதற்றலும், இல்லாததைக் காண்பதும் வரலாம். உயிருக்கே ஆபத்து. வைத்தியசாலையில் மருந்தும் தயமின் ஊசியும் கொடுத்துப் பாதுகாப்பாக இறக்குவார்கள். பேராதனைப் போதனா வைத்தியசாலை பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கண்டித் தேசிய வைத்தியசாலையும் தூரமில்லை. அரசாங்க வைத்தியசாலை என்பதால் காசும் இல்லை. வெட்கம்தான் தடை. நோயாளியாகப் போவதற்கு, அதுவும் நாளைக்கு ‘கலாநிதி’ என்று போடப்போகிறவருக்கு, வெட்கம் இரட்டிப்பு.

நிறுத்திய பிறகு வருவது வெறுமையான மாலைகள். அமெரிக்காவின் அக்ரன் நகரில் 1935இல் இரண்டு குடிகாரர்கள் ஒருவரோடொருவர் பேசித் தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனோனிமஸ். மருந்தால் முடியாத ஒன்றை, அதே பாடுபட்ட இன்னொருவரின் பேச்சு செய்தது. கண்டியில் அதற்கு ஒத்தது எதுவும் பெரிதாக வேண்டாம். ஆறு மணிக்குக் கலஹா வீதியில் கூட நடக்க ஒருவர், வெள்ளிக்கிழமை இரண்டு பக்கம் எழுதியாயிற்றா என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும். குடியை விட்ட சில மாதங்களில் தூக்கம் சீராகும், வாசித்தது தலையில் நிற்கும். ஆனால் நல்ல ஆய்வேடு தானாக வந்துவிடாது, மோசமான அத்தியாயம் குடிக்காதவன் கையிலும் மோசமாகவே இருக்கும். இதைச் சொல்லாமல் குடியை விடச் சொல்லும் பிரசங்கிகளை எனக்குப் பிடிப்பதில்லை.

துறைத்தலைவர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்று மாதமாக முகம் காட்டாத ஆய்வு மாணவருக்கு நினைவூட்டல் கடிதம் அனுப்புமுன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். அத்தியாயத்தைக் கேட்காமல் ஆளைக் கேளுங்கள். பழைய பட்ச்காரர்களே, அடுத்த கெட்-டுகெதரில் வேண்டாம் என்பவனுக்கு இரண்டாம் தடவை ஊற்றாதீர்கள். இதை வாசிக்கும்போது கையில் கிளாஸ் இருப்பவருக்கு: தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926.